இடது காதுமூடி

விமானம் எழும்பி, ஆற்றின் முதல் வளைவைத் தாண்டியதும், யாகோ அண்ணன் இரண்டு விரல்களால் ஹெட்செட்டின் இடது காதுமூடியைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் தள்ளுவார். மூன்று முறை சிலுவைக்குறி போடும் நேரம் அப்படியே விட்டிருப்பார். பிறகு இழுத்து மூடிக்கொள்வார். பத்து நிமிடம் போனதும் மறுபடியும் அதே. இறங்கும்வரை அப்படித்தான். பதினாறு வருடங்கள் அதை நான் பார்த்தேன். மழையிலும் செய்வார், பனிக்காற்றிலும் செய்வார், பக்கத்தில் யாராவது கதை சொல்லிக்கொண்டிருந்தாலும் செய்வார்.

ஒருமுறை கூடைப்பந்து விளையாடப் போன பிள்ளைகளில் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"என்ன மாமா, காது அரிக்குதா?"

"இல்லம்மா. என்ஜின் என்னைப் பத்திப் புறம் பேசுதான்னு கேட்டுக்கிறேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அவர் உண்மையைத்தான் சொன்னார். என்ஜின் சத்தத்தில் ஒரு மயிரிழை மாறினாலும் அவருக்குத் தெரியும். இரண்டு முறை அப்படித் தெரிந்து, விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

யாகோ எவான் என் பெரியம்மா மகன். வடகோடியில் ஓடும் குஸ்கோக்விம் ஆற்றின் மேல்பக்கத்தில் இருநூறு பேர் இருக்கும் ஊர் அவருடையது. அந்த ஊரிலிருந்து விமானம் ஓட்டப் படித்துத் தேறிய முதல் ஆள் அவர்தான். எங்கள் பக்கத்தில் சாலை கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி, மற்ற எல்லாவற்றுக்கும் விமானம். தபால், குழந்தைகளுக்கான டயப்பர், ரொட்டி, கர்ப்பிணிகள், சவப்பெட்டி, எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் ஏறி இறங்கியவைதான். சட்டைப் பையில் எப்போதும் புகைபோட்ட சால்மன் மீன் துண்டு வைத்திருப்பார். ஓட்டிக்கொண்டே மெல்லுவார். அந்த விமானத்துக்கு ஒரு வாசனை உண்டு. எங்கே நின்றாலும் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லிவிடுவேன்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அம்மா படுத்துவிட்டதால் விட்டேன், பிறகு திரும்பப் போகவில்லை. அண்ணன் விமானம் ஓட்டும் சின்னக் கம்பெனியின் சரக்குக் கொட்டகையில் எடை போட்டு ஏற்றுவதும், சில நாள் கூடவே பறந்து போய் இறக்குவதும் என் வேலை. அண்ணன்தான் சேர்த்துவிட்டார். எனக்குப் பேச்சு வராது. யாராவது நேராக என் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால் பதில் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு வாய் தேவையில்லை.

அவருக்குக் காது போய்க்கொண்டிருந்ததை முதலில் கண்டது நான்தான் என்று நினைக்கிறேன். அவர் மனைவி எலெனாவுக்குக்கூட அப்போது தெரியாது. டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார் என்று மட்டும் திட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்டது வேறு. பேசுகிறவரின் கண்ணைப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். வாயைப் பார்த்தார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. தேநீர்க் கெட்டில் விசில் அடித்து அடித்து ஓய்ந்தது ஒரு நாள். அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருட என்ஜின் இரைச்சல், அதற்கு மேல் பனிவண்டி, அதற்கு மேல் துப்பாக்கி. ஆண்களில் பாதிப் பேருக்கு எங்களிடம் அப்படித்தான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருவருடைய குறையை அவர் முகத்துக்கு நேராகச் சொல்வது எங்கள் பழக்கமில்லை.

புது ஹெட்செட் வந்தது இலையுதிர் காலத்தில். பழையதன் வளைவு உடைந்து, அதற்கு ஒட்டுப் பட்டை சுற்றி இரண்டு வருடம் ஓட்டியிருந்தார். புதியது தபாலில் வந்தது. பெட்டியைப் பிரித்துக் கொடுத்தது நான்தான். இரைச்சலை அடக்குகிற வகை. பாட்டரியில் ஓடும். ஒரு பொத்தானை அமுக்கினால், வெளியிலிருந்து வரும் உறுமலைத் தின்றுவிடும்.

விமானத்தில் உட்கார்ந்து, என்ஜினைக் கிளப்பி, பொத்தானை அமுக்கினார். நான் திறந்த கதவருகில் நின்றிருந்தேன். அவர் முகம் தளர்ந்ததை அப்போது பார்த்தேன். யாரோ தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போல. கண்ணை மூடினார். திறந்தபோது கண் ஈரமாக இருந்தது.

என்ஜினை நிறுத்தியபின் சொன்னார்: "நஸ்தா, உலகத்துக்கே யாரோ மூடி போட்ட மாதிரி இருக்கு. ரேடியோல பேசுறவன் என் தலைக்குள்ள உக்காந்து பேசுறான். ஒரு வார்த்தை விடாம கேக்குது."

அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. ரேடியோக் குரல் மறுபடியும் புரிய ஆரம்பித்ததும் தனக்குக் காதே திரும்பி வந்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். குளிரில் பாட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்று இரண்டு பாட்டரிகளை உள்சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொள்வார். ஒரு நாள் பாதி வழியில் பாட்டரி தீர்ந்து இரைச்சல் மொத்தமாகக் காதில் விழுந்தபோது, யாரோ அறைந்தது போல் துள்ளினார்.

மூன்றாவது பயணத்தில் கவனித்தேன். முதல் வளைவு வந்தது, போனது. இரண்டு விரல்கள் மேலே போகவில்லை. பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. இடது காதுமூடி இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பிறகு அவர் அதைத் தூக்கவே இல்லை.

கம்பெனியின் முதலாளியும் மெக்கானிக்கும் ஒருவரே. டுவைன் என்று பெயர். தெற்கிலிருந்து வந்து இருபது வருடமாக எங்களோடு இருக்கிறார். 'ஆமாம்' என்பதற்குப் புருவத்தைத் தூக்கவும், 'இல்லை' என்பதற்கு மூக்கைச் சுருக்கவும் எங்களைப் போலவே பழகிவிட்டார். புது ஹெட்செட்டோடு வந்த தாளை அவர் ஒழுங்காகப் படித்தார். அதில் ஒரு எச்சரிக்கை இருந்தது. இது இரைச்சலை மட்டுமல்ல, என்ஜினில் வரும் மாற்றத்தையும் மறைக்கலாம். எச்சரிக்கை மணிகள் எல்லாம் இதைப் போட்டுக்கொண்டபின் கேட்கின்றனவா என்று பறக்கும் முன் தரையிலேயே சோதித்துப் பார். கேட்காவிட்டால் விளக்கோ வேறு ஏற்பாடோ செய்யாமல் பறக்காதே. டுவைன் அதைச் சத்தமாக வாசித்தார்.

"வாங்க யாகோ, இதையும் பண்ணிடுவோம். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கதவருகில் தாளையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு நின்றேன். முன் பலகையில், கண்ணாடிக்குக் கீழே, விஷவாயு அலாரம் ஒட்டியிருக்கும். சின்னப் பெட்டி. என்ஜின் புகை உள்ளே கசிந்தால் அடிக்கும். அந்தப் புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. டுவைன் அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினார். கீச்சென்று நான்கு முறை அடித்தது. கதவருகில் நின்ற எனக்கே கேட்டது.

"கேக்குதா?" என்று டுவைன் வாயை அசைத்தார்.

அண்ணன் புருவத்தைத் தூக்கினார்.

டுவைன் மறுபடி அமுக்கினார். மறுபடி புருவம். டுவைன் என் கையிலிருந்து தாளையும் பேனாவையும் வாங்கிக் 'கேட்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணனின் கண்கள் டுவைனின் விரலில் இருந்தன. விரல் அமுங்கியபோதுதான் புருவம் ஏறியது. இரண்டாவது முறை விரல் பொத்தானைத் தொட்டதும், சத்தம் வருமுன்னே ஏறிவிட்டது. அதை நான் பார்த்தேன். அப்போது பேனா இன்னும் என் கையில்தான் இருந்தது. எங்கள் ஊரில் புருவம் தூக்கினால் அது முழுப் பதில். எத்தனை முறை அடித்தது, எந்தப் பக்கம் அடித்தது என்று யாரும் மேலே கேட்பதில்லை. கேட்பது அவமரியாதை. டுவைன் கை நீட்டியதும் தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி இருபதாம் தேதி அவருக்கு வருடாந்திர மருத்துவச் சோதனை. அதில் தேறினால்தான் அடுத்த வருடம் ஓட்டலாம். பத்தாம் தேதி வாக்கில் கொட்டகைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"டாக்டர் என்னைத் திரும்பி நிக்கச் சொல்லுவார். ஆறடி தள்ளி நின்னு சாதாரணமா பேசுவார். நான் திருப்பிச் சொல்லணும், அவ்வளவுதான். நீ நில்லு அங்க. ஊர்ப் பேரா சொல்லு. பத்து."

மூட்டைகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து நின்றார். நான் சொன்னேன். என் குரலே சின்னது, ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னேன். அவர் ஆறு பெயர்களைச் சரியாகச் சொன்னார். மற்றவற்றுக்கு, நான் பேசினேன் என்பதே தெரியாமல் காத்துக்கொண்டு நின்றார். அந்தக் கழுத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கொட்டகைக்குள் மூச்சு வெள்ளையாக வருகிற குளிர். அவர் பிடரியில் வேர்வை.

திரும்பினார். "எத்தனை?"

"ஒன்பது."

"ஒன்பதா? ஒன்னு போனா போகட்டும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். "இது போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் நஸ்தா? மீன் பிடிக்கக்கூட இப்பப் பாதி நாள் தடை. எலெனா, பேரப்பிள்ளைங்க, எல்லாம் என்னை நம்பித்தான். அதைக்கூட விடு. மேல இருந்தா நான் யாகோ. கீழ நான் யாரு?"

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பதினான்காம் தேதி மேல்பக்க ஊர் ஒன்றுக்குப் பயணம். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர். சூரியன் பதினொரு மணிக்குத்தான் தலை காட்டியது. அதுவும் தரையை ஒட்டியபடியே நகர்ந்தது. அன்று இறக்கச் சரக்கு அதிகம் என்பதால் நானும் போனேன். முன்னால் அண்ணனுக்குப் பக்கத்து இருக்கையில் தபால் மூட்டைகள். நடு இருக்கையில் பராஸ்கா, ஏழு வாரப் பெண்குழந்தையோடு. பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தை. அன்றுதான் முதல்முறை வீட்டுக்குப் போகிறது. கடைசி இருக்கையில் நான். எங்களுக்கு நடுவே பெட்டிகள்.

ஒரு பெட்டியில், இடித்த வீடுகளிலிருந்து கழற்றிய தீ எச்சரிக்கை அலாரங்கள் இருந்தன. இருபதுக்கு மேல். அந்த ஊரில் புதிதாகக் கட்டிய வீடுகளில் மாட்டுவதற்கு. பாட்டரியை யாரும் கழற்றவில்லை. குளிரில் பாட்டரி பலமிழந்தால் அவை ஒவ்வொன்றாகக் கீச் கீச்சென்று முனகும். காலையிலிருந்து கொட்டகையில் அதே சத்தம்.

"என்ன நஸ்தா, பெட்டிக்குள்ள குருவி அடைச்சு வச்சிருக்கியா?" என்றார் டுவைன், ஏற்றும்போது. "தீனி போட்டு அனுப்பு."

அண்ணன் சிரித்தார். டுவைனின் வாயைப் பார்த்துத்தான் சிரித்தார்.

இருந்த இன்னொரு ஹெட்செட்டைப் பராஸ்கா போட்டுக்கொண்டாள். எனக்குக் காதில் அடைக்கும் பஞ்சு. அண்ணன் ஏறியதும் நீர்நாய்த் தோல் கையுறைகளைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே, சூடான காற்று வரும் இடத்தில் பரப்பி வைத்தார். எல்லோரும் அப்படித்தான் வைப்போம். இறங்கும்போது கையுறை கதகதவென்று இருக்கும். ஒன்றின் மணிக்கட்டுப் பக்கம் விஷவாயு அலாரத்தின் மேல் விழுந்து அதன் விளக்கை மூடியிருந்தது. அதையும் பார்த்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

முதல் வளைவு வந்தது, போனது.

பதினைந்து நிமிடம் இருக்கும். காது வலித்ததால் ஒரு பக்கப் பஞ்சை எடுத்தேன். என்ஜின் உறுமலுக்கு நடுவே கீச் கீச்சென்று கேட்டது. குருவிகள் என்று நினைத்தேன். ஹீட்டர் நன்றாக வேலை செய்தது. காலில்கூடச் சூடு தெரிந்தது. தலை கனத்தது. பெட்டிகளுக்கு அடியில் அடுப்பு எண்ணெய் டின் இருந்தது, அதன் வாடையால்தான் என்று நினைத்தேன். பராஸ்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளங்கைகளைச் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். குழந்தை தூங்குகிறதாம். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடுபாதை வரை கத்திக்கொண்டே வந்த குழந்தை. நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் தலையும் ஜன்னலில் சாய்ந்தது.

எனக்கும் தூக்கம் வந்தது. தூங்கியிருப்பேன். ஆனால் கண் பழக்கதோஷத்தால் அண்ணனின் இடது கையைத் தேடியது. அந்தக் கை மடியில் கிடந்தது. உள்ளங்கை மேலே திறந்து, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. வெளியே பார்த்தேன். ஆறு எப்போதும் எங்கள் இடதுபக்கம் வரும். அன்று ஆற்றையே காணவில்லை. வெள்ளை ஏரிகள் மட்டும். ஒரு இறக்கை மெதுவாகச் சாய்ந்தது. வெகுநேரம் கழித்து, சலிப்போடு நிமிர்ந்தது.

கீச் கீச் கீச் கீச். நிறுத்தம். கீச் கீச் கீச் கீச்.

பெட்டியில் இருந்தவை ஒவ்வொன்றாகத்தான் கத்தும். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது நான்கு நான்காக வந்தது. இது முன்னாலிருந்து வந்தது.

பெல்ட்டைக் கழற்றவே என் விரல்களுக்கு வெகுநேரம் பிடித்தது. கால்கள் என்னுடையவை இல்லை. பெட்டிகளின் மேல் வயிற்றால் ஊர்ந்தேன். பராஸ்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் கண் பாதி திறந்து, என்னை யார் என்று தெரியாமல் பார்த்து, மூடிக்கொண்டது. "அண்ணே" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரேடியோவில் பேச என்னிடம் ஹெட்செட் இல்லை. எட்டிப் போய், அவர் தலையில் கை வைத்து, இடது காதுமூடியைப் பிடித்து இழுத்தேன். வாழ்நாளில் அவர் தலையை நான் தொட்டதில்லை.

திரும்பினார். நீராவிக் குளியலிலிருந்து வந்தவர் போல முகம் சிவந்திருந்தது. சிரித்தார்.

"என்ன புள்ள? டீயா?"

"அலாரம்! அலாரம் அடிக்குது அண்ணே!"

"எங்க?"

சுற்றிலும் பார்த்தார். அது அவர் முகத்துக்கு எதிரே, ஒரு கை தூரத்தில், கத்திக்கொண்டிருந்தது. மூடாத காதோடு, அதை நேராகப் பார்த்துக்கொண்டு, எங்கே என்று கேட்டார். நான் தபால் மூட்டைகளின் மேல் விழுந்து கையுறையைத் தட்டிவிட்டேன். சிவப்பு விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது.

அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

பிறகு கைகள் தாமாக வேலை செய்தன. முப்பது வருடக் கைகள். ஹீட்டர் குமிழை உள்ளே தள்ளி அதை அடைத்தார். ஜன்னலைத் திறந்தார். குளிர் மொத்தமாக உள்ளே வந்து விழுந்தது. நான் பின்னால் போய்ப் பராஸ்காவின் பக்க ஜன்னலையும் திறந்து, குழந்தையைப் போர்வையோடு அவள் மடியிலிருந்து எடுத்தேன். கனமாக இருந்தது. தூங்குகிற குழந்தை அப்படிக் கனக்காது. உதடு, சாயம் பூசியது போல நல்ல ரோஜா நிறம். அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

ஆற்றைக் கண்டுபிடித்தார். எப்படி என்று தெரியாது. பனிவண்டித் தடம் ஓடுகிற, பனிக்கட்டி தடித்த நேரான இடத்தில் இறக்கினார். இரண்டு முறை குதித்து, பனியைச் சிதறிக்கொண்டு நின்றது. என்ஜினை நிறுத்தினார். கதவுகளைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுத்தோம்.

அவ்வளவு அமைதி. காற்றுகூட இல்லை. பராஸ்கா பனியில் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள், வாயைத் துடைக்காமலே குழந்தைக்குக் கை நீட்டினாள். உள்ளங்காலில் தட்டினாள். "அழு கண்ணு. அழுதுடு. காலையில எப்படிக் கத்துன? இனிமே திட்ட மாட்டேன். அழு." நான் குழந்தையின் கன்னத்தில் பனியைத் தேய்த்தேன். காலையில் பராஸ்கா குழந்தையைத் திட்டவே இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கடைசியில் குழந்தையின் முகம் சுருங்கியது. வாய் திறந்தது. அழுதது. ஆற்றின் இரண்டு கரையிலும் கேட்கிற மாதிரி அழுதது.

அண்ணன் ஐந்தடி தள்ளி நின்றிருந்தார். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது. அதன் பச்சை விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் வாயையே பார்த்தார்.

"அழுவுதா?" என்றார். "நஸ்தா, சொல்லு. சத்தம் வருதா?"

"வருது அண்ணே."

"நிஜமா வருதா?"

"வருது."

அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

விமான ரேடியோவில் கூப்பிட்டோம். அரை மணி நேரத்தில், நாங்கள் போகவிருந்த ஊரிலிருந்து பனிவண்டிகள் வந்தன. அங்கிருந்த சின்ன மருத்துவ நிலையத்தில் எல்லோருக்கும் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். குழந்தைக்குப் பொம்மை அளவில் ஒரு முகமூடி. வெளிச்சம் போகுமுன் டுவைன் இன்னொரு விமானத்தில் வந்து, வழியிலேயே இறங்கி எங்கள் என்ஜினைப் பார்த்துவிட்டு, நேராக அங்கே வந்தார். கையில் எண்ணெய். கண் கலங்கியிருந்தது.

"ஹீட்டர் உறைக்குள்ள ஓடுற புகைக்குழாய்ல வெடிப்பு. முடி அளவுதான். போன மாசம் பார்த்தேன் யாகோ, கண்ணுல படல. என் தப்பு. நானே எழுதிக் குடுத்துடுறேன்." தாளை எடுத்தார். "அலாரம் அடிச்சிருக்கு. நல்லவேளை. அது கேட்டுத்தானே இறக்குனீங்க?"

அண்ணன் புருவத்தைத் தூக்கினார்.

டுவைன் எழுத ஆரம்பித்தார்.

என்னை யாரும் கேட்கவில்லை. என்னை எப்போதும் யாரும் கேட்பதில்லை. நான் சும்மா இருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். வியாழக்கிழமை புதுக் குழாய் வந்துவிடும். இருபதாம் தேதி சோதனை. டாக்டர் குரல் பெரிய குரல், தேறினாலும் தேறிவிடுவார். பிறகு அந்தக் காதுமூடிக்குள் இன்னொரு குளிர்காலம். கட்டிலில் பராஸ்கா குழந்தையின் மார்பில் கை வைத்து, அது ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். யாரோ வேறு ஆள் பேசியது போல நானே திரும்பிப் பார்த்திருப்பேன்.

"அவருக்குக் கேக்கல டுவைன். இன்னைக்கும் கேக்கல, அன்னைக்கு நீங்க அமுக்கிக் காட்டினப்பவும் கேக்கல. உங்க விரலைப் பார்த்துத்தான் புருவம் தூக்குனாரு. நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். சொல்லல."

டுவைன் பேனாவைக் கீழே வைத்தார். அண்ணனுக்கு நான் பேசியது முழுவதும் கேட்டிருக்காது. ஆனால் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்துக்கு ஒன்பதுன்னியே" என்றார்.

"ஆறு அண்ணே."

"ஆறா?"

"ஆறு."

ஆக்சிஜன் சீறிக்கொண்டிருந்தது. அவருக்கு அதுவும் கேட்டிருக்காது. கழுத்திலிருந்த ஹெட்செட்டைக் கழற்றினார். பச்சை விளக்கை அணைத்தார். உள்சட்டைக்குள் கை விட்டு இரண்டு பாட்டரிகளையும் எடுத்து, அதற்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இருபதாம் தேதி அவர் டாக்டரிடம் போகவில்லை.

இரண்டு குளிர்காலங்கள் போய்விட்டன. எங்கள் கொட்டகையில் இப்போது எந்தப் பைலட் புது ஹெட்செட் வாங்கினாலும், டுவைன் என்ஜினை ஓட விட்டு, ஒரு அட்டையால் தன் கையை மறைத்துக்கொண்டு அலாரத்தை அமுக்குகிறார். எத்தனை முறை அடித்தது என்று பைலட் வாயால் சொல்ல வேண்டும். புருவம் செல்லாது. அமுக்காமலே ஒரு முறை ஏமாற்றியும் பார்ப்பார். அலாரத்துக்கு ஒரு பெரிய சிவப்பு விளக்கு வைத்து, நேர் எதிரே பொருத்தியிருக்கிறார். அதே அலாரத்திலிருந்து ஹெட்செட்டுக்குள்ளும் ஒரு கம்பி போகிறது. முன் பலகையில் கையுறை வைக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு காதைத் திறந்து கேட்க வேண்டும். பின்னால் யார் உட்கார்ந்தாலும் அவர்களுக்கும் பேச ஒரு ஹெட்செட் உண்டு. சோதனையின்போது கதவருகில் நான் நிற்கிறேன். அட்டையைப் பார்ப்பதில்லை, பைலட்டின் கண்ணைப் பார்க்கிறேன்.

பராஸ்காவின் மகள் நடக்கிறாள். மற்றபடி எப்படியிருக்கிறாள் என்று இப்போதே சொல்ல முடியாது என்கிறார்கள். யாகோ அண்ணன் தன் ஊரில், எல்லோரும் துணி துவைக்கவும் குளிக்கவும் வரும் கட்டடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறார். காதில் கருவி வைத்திருக்கிறார். நான் சரக்கு இறக்கப் போகும்போது அவரைப் பார்க்கப் போவேன். என்னைக் கண்டதும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். அவர் இன்னும் என்னிடம் பேசவில்லை.